கிறிஸ்மஸ் அடி

— ஒரே ஒரு அடி, கொம்பாத்ரே. ஒண்ணே ஒண்ணு. மூக்குல வேணாம்னா கன்னத்துல குடு.

— முதல்ல அந்தக் கீச்சுக் குரலை விடு. யாரோ பொம்பளை வந்திருக்கான்னு நினைச்சுக் கதவைத் திறந்தேன்.

— கிறிஸ்மஸ் சண்டைக்கு முகமூடி போட்டா குரலையும் மாத்தணும். அதான வழக்கம்.

— முகமூடியையும் கழட்டு. ஊருக்கே தெரியும் நீ தொரீபியோன்னு. கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலங்காத்தால ஒரு வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, அடி அடின்னா என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போங்க பிரதர்.

— போறேன். அடி, போயிடறேன்.

— அடிக்க மாட்டேன். எங்க சபைல குடிக்கக் கூடாது, ஆடக் கூடாது, கை ஓங்கக் கூடாது.

— நீ குடிக்கவும் வேணாம், ஆடவும் வேணாம். மூணாவதை மட்டும் பண்ணு. ஒரு அடிக்கெல்லாம் பரலோகத்துல கதவைச் சாத்திட மாட்டாங்க.

— சாந்துசா! இந்த ஆளுக்குச் சூடா ஏதாச்சும் குடுத்து அனுப்பு.

— எனக்கென்ன, குடுக்கறேன். உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருக்கேன், கை ஈரம். வாங்க தொரீபியோ, அந்த ஆட்டுத்தோல் மேல உக்காருங்க. தலையில என்ன அது?

— பருந்து, கொமாத்ரே.

— செத்ததா?

— செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. எங்கப்பா சண்டைக்குப் போகும்போது கட்டிக்கிட்டது.

— ஒரு கண்ணைக் காணோமே.

— எலி தின்னுருச்சு. மைதானத்துல இவ்வளவு கிட்ட வந்து யாரு பாக்கப்போறாங்கன்னு கட்டிக்கிட்டு வந்துட்டேன்.

— தொரீபியோ, நான் சொல்றதைக் கேளு. உன்னை நான் மன்னிச்சுட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மனசார மன்னிச்சுட்டேன். போன ஈஸ்டருக்கு சபைல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. பாஸ்டருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

— கேள்விப்பட்டேன். ரொட்டிக்கடைக்காரிக்குத் தெரியும். பாஸ்டரோட மச்சினனுக்குத் தெரியும். லாரி டிரைவர் இங்க இறங்கினதும் முதல் வேலையா என்கிட்ட அதைத்தான் சொன்னான். எனக்குத்தான் நீ சொல்லல.

— கர்த்தர்கிட்ட சொன்னேனே.

— கர்த்தரா உன் மேல பொய் சாட்சி சொன்னார்? நான்ல சொன்னேன்? என்கிட்டல்ல வந்து சொல்லணும்?

— சரி. இப்ப சொல்றேன். மன்னிச்சுட்டேன்.

— பாரு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல. பருந்தைப் பாத்துச் சொல்ற.

— அது முன்னால துருத்திக்கிட்டு நிக்குது, நான் என்ன பண்ண?

— இந்தாங்க தொரீபியோ, சூப்பு. ஆட்டுக்கறி கொஞ்சம்தான் இருக்கு, மிச்சமெல்லாம் கிழங்கு.

— புண்ணியமாப் போகும் கொமாத்ரே. சத்தியமாச் சொல்றேன், உங்க கை சூப்பு மாதிரி —

— நீ சத்தியம் பண்ணாத.

— சூப்புக்குக் கூடவா?

— எதுக்கும் பண்ணாத. உன் சத்தியத்தை நம்பித்தான் நீதிபதி என்னை உள்ள போட்டார்.

— அதுக்குத்தான அடிக்கச் சொல்றேன்! அந்தப் பண்ணைக்காரர் மாடு காணாமப் போன ராத்திரி நான் குடிச்சிட்டு என் வீட்டுல குப்புறக் கிடந்தேன். ஒரு மாட்டையும் பாக்கல, ஒரு மனுஷனையும் பாக்கல. காலையில போலீஸ்காரர் வந்து, 'மாட்டை ஓட்டினது ஒண்ணு நீ, இல்ல உன் சிநேகிதன், யோசிச்சுச் சொல்லு'ன்னார். நான் யோசிக்கவே இல்ல கொம்பாத்ரே. அவர் பேனா மூடியைத் திறக்கறதுக்குள்ள உன் பேரைச் சொல்லிட்டேன். ஆத்தங்கரைல உன்னைப் பாத்தேன்னேன். உன் தொப்பி கலரு கூடச் சொன்னேன்.

— தெரியும். கோர்ட்டுல நீ அதைத்தான சொன்ன. கலர் தப்பு.

— தப்பா? என்ன கலரு?

— காவி. நீ கருப்புன்ன.

— பாத்தியா, அதுக்கு ஒண்ணு தனியா அடி.

— அந்த மாடெல்லாம் வேற மாகாணத்துச் சந்தையில எவன் கையிலயோ பிடிபட்டுச்சு, என்னை விட்டாங்க, நான் வந்துட்டேன். முடிஞ்சு போச்சு. அதை ஏன் கிளறுற?

— உனக்கு முடிஞ்சது. எனக்கு முடியல. விதைப்புக்கு ஆள் கூப்பிட வர்றவங்க என் வீட்டைத் தாண்டிப் போறாங்க. கல்யாணத்துல சோளக்கள்ளு, அந்தச் சிச்சா கோப்பை, கை மாறி வரும், என் பக்கத்து ஆள் வரைக்கும் வரும், அங்கேயிருந்து ஒரு குதி குதிச்சு எனக்கு அந்தப் பக்கம் போயிடும். என்னப்பான்னு கேட்டா, 'நிகானோர் இன்னும் உன்னை அடிக்கலையே'ங்கறாங்க. ஜெயில்ல இருந்தது நீ. வெளியில உக்காந்து தண்டனை அனுபவிக்கறது நான்.

— அப்ப எனக்காக அடி கேக்கல. கோப்பைக்காகக் கேக்கற.

— கோப்பைக்காகவும்தான். பொய் சொல்ல மாட்டேன்.

— இவர் பொய் சொல்ல மாட்டாராம், கேட்டுக்கோ சாந்துசா.

— எனக்கென்ன. கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

— கொம்பாத்ரே, உனக்கு நான் சொல்லித் தரணுமா? வருஷம் பூரா மனசுல வச்சிருக்கறதை, குழந்தை சேசு பிறந்த அன்னைக்கு மைதானத்துல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணும். பேருக்கு உரியவன் வரணும். அடிச்சுக்கணும். அடிச்சு முடிச்சதும் கட்டிப்பிடிக்கணும். அதோட தீர்ந்துச்சு, புது வருஷத்துக்கு யாரும் அதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. சபைக்குப் போறதுக்கு முன்னாடி உன் வலது கைக்கு இந்த மலைப்பக்கமே பயந்துச்சு.

— அது பழைய மனுஷன். அவன் செத்துட்டான்.

— அவனைக் கொஞ்சம் எழுப்பு. ஒரு நிமிஷ வேலை.

— தொரீபியோ!

— போன வருஷம் உன் பேரைக் கூப்பிட்டுட்டு மைதானம் நடுவுல நின்னேன். அதுக்கு முந்தின வருஷமும் நின்னேன். நீ வரல. மழை கொட்டுது. நடுவர் சாட்டையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, 'இன்னும் எவ்வளவு நேரம்பா'ங்கறார். கடைசில ஒரு நாய் வந்து பக்கத்துல உக்காந்துச்சு. அதுவும் கொஞ்ச நேரத்துல எழுந்து போயிடுச்சு.

— நான் அன்னைக்கு உபவாச ஜெபத்துல இருந்தேன்.

— ஜன்னல் வழியாப் பாத்துட்டு இருந்தீங்க.

— சாந்துசா, நீ கிழங்கை உரி.

— உரிச்சாச்சு. இப்ப நறுக்கறேன்.

— இன்னொண்ணு கேக்கறேன் கொம்பாத்ரே. ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தைக் காட்டுன்னு உங்க சபைலயும் சொல்றாங்க, எங்க கோயில்லயும் சொல்றாங்க. சரிதானே?

— சரிதான். அதைத்தான் நான் செய்யறேன்.

— எங்க செய்யற? அது நான் செய்யவேண்டியது. நீ முதல் கன்னத்துல அடிச்சாத்தானே நான் மறு கன்னத்தைக் காட்ட முடியும்? நானும் எத்தனை நாளா ரெண்டு கன்னத்தையும் வச்சுக்கிட்டு சும்மா அலையறேன். என்னை வேதப்படி நடக்க விடாம நீதான் தடுக்கற.

— இதுக்கு என்ன பதில் சொல்றது சாந்துசா?

— எனக்கென்ன தெரியும், எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா அவர் சொல்றதுல ஏதோ இருக்கு.

— பாஸ்டர்தான் இதுக்குப் பதில் சொல்லணும்.

— கேட்டேன்.

— யாரை?

— உங்க பாஸ்டரை. நேத்து போய், 'நிகானோர் என்னை அடிக்கலாமா?'ன்னு கேட்டேன்.

— அடப்பாவி! என்ன சொன்னார்?

— 'ஜெபிப்போம்'னார். முட்டி போட்டோம். அவர் சிமெண்டுத் தரையில, எனக்கு மட்டும் கம்பளி விரிச்சார், நல்ல மனுஷன். ரொம்ப நேரம் ஜெபிச்சுட்டு எழுந்து, தான் கீழ வெயில் நாட்டுக்காரன், இங்கத்த வழக்கமெல்லாம் தனக்குப் பிடிபடலன்னார். அப்புறம் கேட்டார், 'கடைசில உண்மையிலேயே கட்டிப்பிடிச்சுக்குவீங்களா?'ன்னு. ஆமான்னேன். 'பிரதர் நிகானோரும் பிடிப்பாரா?'ன்னார். பிடிச்சே ஆகணும், இல்லன்னா நடுவர் ரெண்டு பேரையும் சாட்டையால விளாசிடுவார்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். 'நாளைக்கு என் ஜன்னலைச் சாத்தி வச்சுக்கறேன்'னார்.

— பாஸ்டர் அப்படியா சொன்னார்?

— சத்திய... சரி, விடு. சொன்னார்.

— அவர் சாத்தட்டும். என் கண்ணை நான் எப்படிச் சாத்தறது? நான் மன்னிச்சுட்டேன். மன்னிச்சவன் எதுக்கு அடிக்கணும்?

— தொரீபியோ, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? கர்த்தர் கத்துக்குடுத்த ஜெபத்தைச் சொல்லும்போது இவருக்கு இருமல் வரும்.

— சாந்துசா.

— தினம் ராத்திரி. கணீர்னுதான் ஆரம்பிப்பார். அன்னன்னைக்கு ஆகாரம் கேக்கற இடம் வரைக்கும் நல்லா வரும். அடுத்தவங்களை மன்னிக்கற இடம் வந்ததும் பிடிச்சுக்கும். இருமி முடிக்கறப்ப ஆமென் வந்திருக்கும்.

— அது இங்கத்த குளிரு.

— ஆமா. அந்தக் குளிருக்கு அந்த ஒரு வரிதான் தெரியும்.

— கொம்பாத்ரே, நிஜமாவா?

— முதல்ல என்னைக் கொம்பாத்ரேன்னு கூப்பிடறதை நிறுத்து. அந்த உறவெல்லாம் போச்சு.

— எப்படிப் போகும்? பிள்ளைக்குத் தலையில தண்ணி ஊத்தினப்ப இந்தக் கையிலதான இருந்தா? நான் ஞானத்தகப்பன், நீ பெத்தவன், அதுக்குப் பேர்தான கொம்பாத்ரே. ஜெயில்ல போட்டாலும் போகாது, சபை மாறினாலும் போகாது. நவம்பர் மாசம் கொமாத்ரே அவ கல்லறைக்கு ஏறினப்பகூட என் பொண்டாட்டிதான் ரொட்டிப் பொம்மை சுட்டுக் கொடுத்தா.

— செத்தவங்களுக்கு ரொட்டி வைக்கறது, மெழுகுவத்தி கொளுத்தறது, இதெல்லாம் விசுவாசிக்கு ஆகாது. சாந்துசாகிட்டயும் சொல்லியிருக்கேன்.

— சொன்னார். எனக்கென்ன, நான் வச்சிட்டு வந்தேன்.

— நீ ஒரு தடவைகூடப் போகலியா? அங்க மேல?

— பிள்ளை அங்க இல்ல. கர்த்தர்கிட்ட இருக்கு.

— அது சரி. ஆனா ஒரு தடவை கூடவா?

— நீ சூப்பைக் குடிச்சிட்டுக் கிளம்பு.

— குடிச்சிட்டேன். கிளம்பறேன். ஆனா மைதானத்துக்குத்தான் போவேன். இந்த வருஷமும் உன் பேரைக் கூப்பிடுவேன், இந்த வருஷமும் நிப்பேன். எனக்கும் வயசாயிட்டிருக்கு. ஒரு நாள் அங்கேயே நின்ன வாக்குல போய்ச் சேர்ந்துட்டா உனக்குத்தான் பாவம்.

— மைதானத்துக்கு நான் வர முடியாது. சபைப் பிள்ளைங்க எல்லாம் வேடிக்கை பாக்க வந்திருக்கும். ஞாயித்துக்கிழமை அதுகளுக்கு நான்தான் பாடம் எடுக்கறேன்.

— இங்கேயே வச்சுக்கலாமே! ஆட்டுப்பட்டிக்குப் பின்னாடி. யாருக்குத் தெரியப்போகுது?

— தெரியலன்னா உனக்குக் கோப்பை எப்படி வரும்?

— மூக்கு வீங்கினா தானா வரும். என்ன சொல்ற?

— ஒரு அடி.

— ஒரே அடி!

— அதோட நீ போயிடுவ. அடுத்த வருஷம் என் பேரைக் கூப்பிடக் கூடாது.

— கூப்பிடவே மாட்டேன். ஆனா முறைப்படி நடக்கணும். நடுவர் இல்லாம சண்டை கூடாது. நடுவர் இல்லாம அடிச்சா அது வெறும் அடிதடி.

— நடுவருக்கு எங்க போறது?

— எனக்கென்ன, நான் நிக்கறேன். மாட்டுச் சாட்டை கதவுக்குப் பின்னாடிதான் தொங்குது.

— நீயா?

— ஏன், கொமாத்ரே பழைய கைதானே. அந்த ஆட்டுக்குட்டித் தகராறுல எபிஃபானியாவை மைதானத்துல கூப்பிட்டு நிக்க வச்சு ஒரு குத்து விட்டாங்களே, ஒரு பல்லு போய் தேவாலயப் படியில விழுந்துச்சு.

— அந்தப் பல்லு ஏற்கெனவே ஆடிட்டிருந்துச்சு.

— அப்புறம் கட்டிப்பிடிச்சீங்க.

— வழக்கம் வழக்கம்தான். இப்ப கம்பளி நூல் அவதான் எனக்கு நூத்துக் குடுக்கறா. வாங்க ரெண்டு பேரும். சேறா இருக்கு, பாத்து வாங்க. தொரீபியோ, பருந்தைக் கழட்டி இப்படிக் குடுங்க, சுவத்து மேல வைக்கறேன்.

— இருக்கற ஒரு கண்ணு இந்தப் பக்கம் பாக்கற மாதிரி வைங்க. அப்பா பாத்த மாதிரி இருக்கும்.

— வச்சாச்சு. கல்லு கம்பு கையில இருக்கக் கூடாது. கீழ விழுந்தவனை அடிக்கக் கூடாது. முடிஞ்சதும் கட்டிப்பிடிக்கணும், பிடிக்கலன்னா என் சாட்டை பேசும். உங்க ரெண்டு பேருக்கும் பேசும், புருஷன்னு பாக்க மாட்டேன். தொரீபியோ, கூப்பிடுங்க.

— நிகானோர் லைமே!

— கத்தாத, பக்கத்துலதான நிக்கறேன். கோழி எல்லாம் மிரளுது.

— வழக்கம். நிகானோர் லைமே! உன் சிநேகிதன் தொரீபியோ கூப்பிடறேன். வா, வந்து நில்லு!

— வந்துட்டேன். நின்னுட்டேன்.

— அடி.

— நில்லு, அடிக்கறேன்.

— நின்னுட்டுத்தான் இருக்கேன். கையைத் தூக்கிட்ட, சரி. இப்ப இறக்கு. என் மேல இறக்கு.

— பேசாத. நீ பேசினா அடிக்க வரமாட்டேங்குது.

— பேசல.

— என்னங்க, சட்டுனு ஆகட்டும். மழை வரப்போகுது. அடுப்புல கிழங்கு குழைஞ்சுடும்.

— கொம்பாத்ரே, தூக்கின கை அங்கேயே நிக்குது. என்னைப் பாத்தா பயமா?

— உன்னைப் பாத்தா? உன்னை ஒரே குத்துல படுக்க வைப்பேன்.

— அதைத்தான நானும் கெஞ்சிட்டிருக்கேன்!

— படுக்க வச்சுடலாம். அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் என்ன, எழுந்திரிப்பேன், கட்டிப்பிடிக்கணும்.

— அதான்.

— எது அதான்?

— அதுக்குத்தான் பயம்.

— கட்டிப்பிடிக்கவா? மனுஷனுக்கு அடி வாங்கத்தான் பயம் வரும். குளிச்சிட்டுத்தான் வந்தேன், வேணும்னா —

— தொரீபியோ, நீ பொய் சாட்சி சொன்னதை நான் மன்னிச்சுட்டேன். அது பொய்யில்ல. ஜெயில்ல ஒரு நாள் வேதம் வாசிச்சிட்டிருந்தேன். பேதுரு ஒரு வேலைக்காரப் பொண்ணுக்குப் பயந்துக்கிட்டு, கர்த்தரைத் தெரியவே தெரியாதுன்னு சொன்ன இடம் வந்துச்சு. அந்தப் போலீஸ்காரர் பேனாவோட என் முன்னாடி வந்து உக்காந்திருந்தா நான் யார் பேரைச் சொல்லியிருப்பேன்னு யோசிச்சேன். உன் பேரைத்தான் சொல்லியிருப்பேன். அன்னைக்கே அது போயிருச்சு. இது போகல.

— எது போகல?

— அந்தக் கை.

— என் கையா?

— பிள்ளையைக் கல்லறைக்கு நீ தூக்கிட்டுப் போன. நான் தூக்கியிருக்கணும். என்னை அங்க இல்லாமப் பண்ணினவன் நீ. பண்ணிட்டு நீயே வந்து என் இடத்துல நின்னு, என் பிள்ளையைத் தூக்கிட்டு மலை ஏறியிருக்க. ஜெயிலுக்கு வந்து சொன்னாங்க. 'கவலைப்படாத நிகானோர், ஞானத்தகப்பன் எல்லாம் முறையாச் செஞ்சான்'னு சொன்னாங்க. முறையா! கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நான் கேட்டுட்டு நின்னேன்.

— கொம்பாத்ரே...

— இப்ப உன்னைக் கட்டிப்பிடிச்சா அந்தக் கை என் முதுகுல படும். அவளைக் கடைசியாத் தூக்கின கை. அதை என்னால தாங்க முடியாது. கர்த்தர்கிட்டயே கேட்டுட்டேன். 'மன்னிக்கச் சொல்றீரா, மன்னிக்கறேன். சபைல சொல்லச் சொல்றீரா, சொல்றேன். கிட்டப் போக மட்டும் சொல்லாதேயும்'னு கேட்டேன்.

— என்ன சொன்னார்?

— ஒண்ணும் சொல்லல. இருமல்தான் வந்துச்சு.

— தூறல் விழுது. இருங்க, நனைஞ்சா பரவால்ல. பேசுங்க.

— கனமா இருந்தாளா?

— யாரு?

— யாரைக் கேப்பேன்?

— இல்ல கொம்பாத்ரே. கனமே இல்ல. அதான் ஏற முடியல.

— தோள்லயா வச்ச?

— தோள்ல வைக்கச் சொன்னாங்க. வெள்ளைப் பெட்டி, இவ்வளவுதான் இருக்கும். தோள்ல வச்சா ஏதோ மூட்டை மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. நெஞ்சோட வச்சுக்கிட்டேன், இப்படி. ஞானஸ்நானத்துக்கு வச்சிருந்தேன்ல, அப்படி. ஏத்தத்துல ஆள் மாத்திக்கலாம் குடுன்னாங்க. குடுக்கல.

— ஆடினியா?

— ஆடினேன். பிள்ளை போனா இறக்கை வச்ச சம்மனசு ஆயிடும், ஞானத்தகப்பன் ஆடித்தான் அனுப்பணும். வயலின் வாசிச்சாங்க. பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல ஆடினேன். உனக்கு அதெல்லாம் இப்ப பிடிக்காது. ஆனா ஆடினேன்.

— அழுதியா?

— அழக் கூடாதே. அழுதா அவ இறக்கை நனைஞ்சு போயிடும், பறக்க முடியாதும்பாங்க. அழல. வீட்டுக்கு வந்து கழுதையைக் கட்டிட்டு அழுதேன். அங்க அழல. சத்தியமா அழல.

— ...

— என்ன, இந்தத் தடவை 'சத்தியம் பண்ணாத'ன்னு சொல்லல?

— நம்பறேன்.

— நம்பறியா?

— என்ன பாட்டு வாசிச்சாங்க?

— சந்தைக்குப் போற வழியெல்லாம் உன் தோள்ல உக்காந்துக்கிட்டு ஒண்ணு பாடுவாளே, பாதி வார்த்தை தப்பாப் பாடுவா.

— லூஸ்மிலா பாடறதா?

— அதான்.

— லூஸ்மிலாவுக்கு ரெண்டாவது வரியே தெரியாது. முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடுவா.

— வயலின்காரனும் அதையேதான் வாசிச்சான்.

— கையை வை.

— எங்க?

— இங்க வை. என் முதுகுல. கர்த்தாவே, எனக்குத் தைரியம் இல்ல. சபைல கை தட்டினப்ப இருந்த மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு வர்றதுக்குள்ள போயிருச்சு. உம்முடையதைக் குடும். வை, தொரீபியோ. ரெண்டு கையையும் வை.

— வச்சுட்டேன்.

— அழுத்தி வை. அவளைப் பிடிச்ச மாதிரி பிடி.

— பிடிச்சிருக்கேன். அழறியா கொம்பாத்ரே?

— ஆமா. இப்ப நனையட்டும். இத்தனை நாள்ல அவ எங்கேயோ போய்ச் சேர்ந்திருப்பா. அழு, நீயும் அழு, கொம்பாத்ரே.

— இப்ப என்னன்னு கூப்பிட்ட?

— காது கேக்கும்ல உனக்கு? கொம்பாத்ரேன்னேன்.

— கொம்பாத்ரே.

— என்ன?

— நீ இன்னும் அடிக்கவே இல்லையே.

— அடிக்கலையா?

— இல்ல. நேரா கட்டிப்பிடிச்சுட்ட. முன்ன பின்ன மாறிப்போச்சு. இது செல்லுமா?

— நடுவர்கிட்ட கேளு. சாந்துசா, இது செல்லுமா?

— செல்லும்.

— மைதானத்துல கேப்பாங்களே கொமாத்ரே. மூக்குல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. கண்ணுதான் சிவந்திருக்கு, அதைக் குடிச்சிட்டு வந்திருக்கான்னுதான் சொல்லுவாங்க.

— என்கிட்ட அனுப்புங்க, நான் சொல்லிக்கறேன். இந்தாங்க, இந்தச் சாட்டையைப் பிடிங்க.

— நான் எதுக்குப் பிடிக்கணும்?

— நடுவர் இல்லாம சண்டை கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க.

— சண்டைதான் முடிஞ்சதே, கொமாத்ரே.

— உங்களோடது முடிஞ்சது.

— என்ன சாந்துசா, என்ன சொல்ற?

— தொரீபியோ தானா வந்து என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனார்னு இவ்வளவு நாளா நினைச்சிட்டிருக்கீங்க. யாரு கூப்பிட்டான்னு ஒரு நாள் கேட்டீங்களா? நான்தான் ஆள் அனுப்பினேன். நீங்க ஜெயில்ல, அவ பெட்டியில. என் புருஷனை உள்ள தள்ளினவனை, 'வா, வந்து என் பிள்ளையைத் தூக்கு'ன்னு கூப்பிட்டேன். கூப்பிடறதுக்கு முன்னாடி அந்த அடுப்படியில முட்டி போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் கிடந்தேன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு எந்தச் சபையிலயும் கை தட்டல.

— கொமாத்ரே, நீங்களா... நான் பாட்டுக்கு, ஊர்க்காரங்க கூப்பிட்டாங்கன்னு...

— உங்களை அன்னைக்கே மன்னிச்சுட்டேன் தொரீபியோ. இவரைத்தான் இன்னும் மன்னிக்கல. ஜெயில்லேருந்து வந்தார், இந்த வீட்டுல அவ பேரைச் சொல்லக் கூடாதுன்னார். மலைக்கு வரமாட்டேன்னார். நான் ஒருத்தியாப் போயி, ஒருத்தியா அழுது, ஒருத்தியா இறங்கி வந்து, எனக்கென்ன எனக்கென்னன்னு கிழங்கு உரிச்சிட்டிருந்தேன். பொய் சாட்சி சொன்னவனைவிட வாயையே திறக்காதவனை மன்னிக்கறதுதான் கஷ்டமா இருக்கு. சாட்டையை நல்லாப் பிடிங்க, தொங்க விடாதீங்க.

— சாந்துசா... முடிஞ்சதும் நீ...

— வழக்கம் வழக்கம்தான். நிகானோர் லைமே! உன் பொண்டாட்டி சாந்துசா கூப்பிடறேன். வா, வந்து நில்லு!